பெரும்பாடு: நாற்பத்தேழு வயதில் பதினெட்டு மாத ரத்தப்போக்கு – ஒரு நிகழ்வு ஆய்வு

சித்திரை மாதம், மல்லிகை வரத்து உச்சத்தில் இருக்கும் நேரம். திருமங்கலத்துக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவே ஒரு கிராமம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் அந்த வீட்டுக்கு வந்தது மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை கொடுக்க. திண்ணையில் உட்கார்ந்திருந்த மருமகள் முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்.

“என்னக்கா மெல்லுறீங்க?”

“பச்சரிசிதான் தாயி. ஒரு வருசமா இதத் தின்னாத்தான் இருக்க முடியுது. ஒரு நாளைக்கு ஒரு ஆழாக்கு போயிருது.”

தன்னார்வலர் அவருடைய உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். ரேகைகள்கூட வெளுத்திருந்தன. நாடித்துடிப்பு, உட்கார்ந்த நிலையிலேயே நிமிடத்துக்கு 112. மாமியாருக்குக் கொண்டுவந்த கருவியில் மருமகளுக்கும் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, “நாளைக்கே பி.எச்.சி.க்கு வாங்கக்கா” என்று எழுதிக் கொடுத்தார். பதினெட்டு மாதத்தில் சரியான திசையில் நகர்ந்த முதல் அடி இதுதான்.

இது ஒரே ஒருவரின் கோப்பைப் பிரித்து எழுதியதல்ல. இந்த வயதுப் பெண்களிடம் திரும்பத் திரும்பக் காணும் விவரங்களை ஒரே நிகழ்வாகக் கோத்து அமைத்தது. எண்களும் அளவுகளும் மருத்துவ நடைமுறையில் உள்ளபடியே தரப்பட்டுள்ளன. மருந்தின் அளவுகளை எழுதுவதற்குக் காரணம், கையில் இருக்கும் சீட்டு எதற்காக எழுதப்பட்டது என்று படிப்பவருக்குப் புரிய வேண்டும் என்பது. தானாக வாங்கிச் சாப்பிடுவதற்கு அல்ல. அப்படிச் சாப்பிட்டதால் என்ன ஆனது என்பதும் இந்த நிகழ்விலேயே வருகிறது.

நோயாளி

வயது 47. உயரம் 152 செ.மீ., எடை 58 கிலோ. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம். 27 வயதில் குடும்பக் கட்டுப்பாடு அறுவை. சர்க்கரை, தைராய்டு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. வேலை மல்லிகைப் பூப் பறிப்பது: அதிகாலை 4 மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினால் ஒன்பது மணி வரை குனிந்த இடுப்பு நிமிராது. மொட்டு விரியும் முன் மாட்டுத்தாவணி சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் நடுவில் ஒதுங்க நேரமும் கிடையாது, இடமும் கிடையாது.

அவர் சொன்ன குறைகள், சொன்ன வரிசையிலேயே: கெறக்கம், மாடிப்படி ஏறினால் இளைப்பு, நெஞ்சு படபடப்பு, முடி கொட்டுதல், கால் குடைச்சல், ராத்திரியில் உடம்பு தகதகவென்று எரிந்து வேர்ப்பது. ரத்தப்போக்கு இந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. கேட்ட பிறகுதான் வந்தது: “அது கொஞ்சம் சாஸ்தியாத்தான் போகுது. நிக்கிற நேரத்துல அப்படித்தான் போகும்னு அத்தை சொன்னாங்க.”

அத்தை சொன்னதில் பாதி சரி. மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் சுழற்சி தாறுமாறாவது இயல்புதான். இருபத்தெட்டு நாள் இருபத்து நான்காகும், பிறகு நாற்பதாகும், ஒரு மாதம் வராமலே போகும். ஆனால் அளவு கூடுவதும் நாள் நீள்வதும் கட்டி கட்டியாகப் போவதும் ‘வயசுக் கோளாறு’ என்று தள்ளிவிடக் கூடியவை அல்ல. இதற்கென்றே நம் மொழியில் பெரும்பாடு என்று ஒரு சொல் இருந்தது. அந்தச் சொல் புழக்கத்தில் இருந்தவரை அது ஒரு நோயின் பெயராக இருந்தது. இப்போது அந்த இடத்தை ‘நிக்கிற நேரம்’ பிடித்துக்கொண்டது, நோய் வயதாகிவிட்டது.

எவ்வளவு போகிறது என்று கேட்பது எப்படி

“ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின்?” என்று கேட்டால் அவர் சொன்ன பதில் இரண்டு. இதற்கு முன் பார்த்தவர்கள் அந்தப் பதிலோடு நிறுத்திக்கொண்டார்கள். உண்மையில் அவர் நாப்கினுக்கு மேலே பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வைப்பார். துணியைத்தான் மாற்றுவார், நாப்கின் காசு என்பதால் அதைக் கடைசி வரை காப்பாற்றுவார். துணி எத்தனை என்று கேட்டதும் கணக்கு வேறானது: அதிகம் போகும் இரண்டு நாளில் நாளுக்கு ஆறேழு துணி, ராத்திரியில் ஒரு முறை எழுந்து மாற்றல், படுக்கப் பாயின் மேல் சாக்கு. பூப் பறிக்கப் போகும்போது கருநீலச் சேலைதான்.

கேட்க வேண்டிய கேள்விகள் இவை: நாப்கினோடு வேறு என்ன வைக்கிறீர்கள், எது முழுதாக நனைகிறது, ராத்திரி எழுகிறீர்களா, கட்டி விழுந்தால் பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதா, சேலையில் கறை படுமோ என்று எங்கேயாவது போகாமல் இருந்ததுண்டா. பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர் அகலம். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேற்பட்ட ரத்தக்கட்டி கவலைக்குரியது என்பது மருத்துவ அளவு என்பதால் இந்த நாணயம் கைக்கு வாகான அளவுகோல்.

படம் போட்டு எண்ணும் முறை ஒன்றும் உண்டு. லேசாகக் கறைபட்ட நாப்கினுக்கு 1, பாதி நனைந்ததற்கு 5, முழுதும் நனைந்ததற்கு 20. சிறு கட்டிக்கு 1, பெரிய கட்டிக்கு 5. ஒரு மாதவிலக்கு முழுவதற்கும் கூட்டி 100 வந்தால் அதிகப்போக்கு. அதாவது சுமார் 80 மில்லிக்கு மேல். இவர் தினசரிக் காலண்டர் தாளின் பின்புறத்தில் கோடு போட்டுக் கொண்டுவந்தார். இரண்டாம் நாள் மட்டும்: முழுதும் நனைந்தவை ஆறு, பாதி நனைந்தவை இரண்டு, பெரிய கட்டி மூன்று. 120, 10, 15. கூட்டினால் 145. மாதம் முழுவதற்குமான எல்லையை ஒரே நாள் தாண்டிவிட்டது. போக்கு மொத்தம் பன்னிரண்டு நாள்.

இரும்பின் வரவு செலவு

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இவ்வளவு பேருக்கு இருப்பதாலேயே அது யாருக்கும் வியாதியாகத் தெரிவதில்லை. ‘ரத்தம் கம்மி’ என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிடச் சொல்வதோடு பேச்சு முடிகிறது. இவரும் வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரை சாப்பிட்டார். ஏன் ஏறவில்லை?

ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஹீமோகுளோபின் 12, அதாவது 100 மில்லி ரத்தத்தில் 12 கிராம் உள்ள பெண்ணுக்கு மாதம் 200 மில்லி ரத்தம் போனால் 24 கிராம் ஹீமோகுளோபின் போகிறது. அதாவது சுமார் 82 மில்லிகிராம் இரும்பு. நம் வீட்டுச் சாப்பாட்டிலிருந்து குடல் ஒரு நாளைக்கு உறிஞ்சுவது ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம். காய்கறிச் சாப்பாடு என்றால் ஒன்றை ஒட்டியே நிற்கும். மாத வரவு முப்பதிலிருந்து அறுபது, மாதவிலக்கில் மட்டும் செலவு எண்பத்திரண்டு. அது போகத் தோலும் குடலும் தினமும் உதிர்ப்பதில் சுமார் ஒரு மில்லிகிராம் தனியாகப் போகிறது. முதலில் சேமிப்பு கரையும். அதுவரை ஹீமோகுளோபின் குறையாது. சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். கீரை தப்பில்லை. ஓட்டைக் குடத்தில் கீரை ஊற்றிக் குடம் நிறையாது.

இரும்பு மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். அவர் அதைச் சாப்பிட்ட விதம்: விடியற்காலை நாலரைக்குத் தோட்டத்தில் டீ வரும்போது டீயோடு. டீயில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டு பாதிக்கு மேல் உறிஞ்ச விடாது. பத்து நாளில் வயிறு எரிந்தது, மலம் கறுப்பாகப் போனது. ரத்தம்தான் போகிறது என்று பயந்து நிறுத்திவிட்டார். மலம் கறுப்பது மாத்திரையின் இயல்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சாப்பிட வேண்டிய முறை: ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் கழித்து, அல்லது காலையில் வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு அல்லது ஒரு நெல்லிக்காயோடு. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எல்லாவற்றுக்கும் முன்னும் பின்னும் இரண்டு மணி நேர இடைவெளி. வயிறு எரிந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அப்படிச் சாப்பிட்டாலும் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் குடல் எடுத்துக்கொள்ளும் பங்கு கூடுகிறது என்பதால் பெரிய நஷ்டம் இல்லை.

பச்சரிசி தின்னும் ஆசை இரும்புக் குறைவின் அடையாளம். சிலருக்குச் சிலேட்டுக் குச்சி, சிலருக்குத் திருநீறு, சிலருக்கு மழை பெய்த மண்ணின் வாசம், சிலருக்கு ஐஸ் கட்டி. அரிசி தின்பதால் ரத்தம் வற்றுகிறது என்று வீட்டில் திட்டுவார்கள். காரணமும் விளைவும் தலைகீழாகிவிடுகின்றன. இவருக்கு இரும்பு ஏற்றிய பத்தாம் நாள் அந்த ஆசை தானாக விட்டுப்போனது. ஹீமோகுளோபின் அப்போது அரைக் கிராம்கூட ஏறியிருக்கவில்லை.

பதினெட்டு மாதம் எங்கே போனது

முதல் ஆறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு மருந்துக்கடை. ‘ரத்தம் நிக்கிற மாத்திரை’ என்று கேட்டு வாங்கியது நோரெத்திஸ்டிரோன் 5 மி.கி. ஒரு அட்டை வாங்கி, நாளுக்கு இரண்டு வீதம் போட்டார். ஐந்தாம் நாள் நின்றது, மாத்திரையையும் நிறுத்தினார். மூன்றாம் நாள் முன்பைவிட அதிகமாகக் கொட்டியது. ஒரே வருடத்தில் மூன்று முறை இப்படி. மருந்து வேலை செய்யவில்லை என்று அவர் நினைத்தார். மருந்து வேலை செய்ததால்தான் அப்படி ஆனது. கர்ப்பப்பையின் உள்படலத்தைப் பிடித்து நிறுத்தும் ஹார்மோன் அது. நிறுத்திய கணமே ‘உதிரலாம்’ என்ற கட்டளை போகிறது. போட்டால் மருத்துவர் சொன்ன நாள் முழுதும் போட வேண்டும், பெரும்பாலும் 21 நாள். முடித்தபின் இரண்டிலிருந்து நான்கு நாளில் போக்கு வரும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். காரணம் என்னவென்று பார்க்காமல் போடவே கூடாது.

அடுத்து, ஊசி போடும் இடத்தில் சத்து ஊசியும் குளுக்கோஸ் பாட்டிலும். குளுக்கோஸ் பாட்டிலில் இரும்பு கிடையாது. ரத்தம் சோதிக்கவில்லை.

கடைசியாக ஒரு ஸ்கேன். ‘3.2 செ.மீ. நார்க்கட்டி, கர்ப்பப்பை பெரிதாக உள்ளது’ என்று தாளில் எழுதியிருந்தது. அதைப் பார்த்த இடத்தில் சொன்னது: பிள்ளை பெற்றாயிற்று, இனி இது எதற்கு, எடுத்துவிடலாம். உள்படலத்திலிருந்து திசு எடுத்துப் பார்க்கவில்லை. ஹீமோகுளோபின் என்ன என்று அந்தச் சீட்டில் இல்லை. பணம் புரட்ட முடியாததால் அறுவை தள்ளிப்போனது. அந்த இழுபறியில்தான் தன்னார்வலர் திண்ணைக்கு வந்தார்.

பரிசோதனைகள்

ஹீமோகுளோபின் 7.1. பதினொன்றிலிருந்து எட்டு வரை நடுத்தரச் சோகை, எட்டுக்குக் கீழே கடும் சோகை. சிவப்பணு ஒன்றின் சராசரி அளவான எம்.சி.வி. 66, சிவப்பணு எண்ணிக்கை 36 லட்சம், தட்டணுக்கள் 4.6 லட்சம், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6. எம்.சி.வி.யை மில்லியன் கணக்கிலான சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்தால் 66-ஐ 3.6-ஆல், அதாவது 18. பதின்மூன்றுக்கு மேல் வந்தால் பரம்பரை ரத்தக் குறைபாடான தலசீமியாவைவிட இரும்புக் குறைவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஃபெரிட்டின் அதை உறுதி செய்தது. தைராய்டு இயல்பு. குடும்பக் கட்டுப்பாடு செய்திருந்தாலும் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யப்பட்டது. இதைச் சிலர் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். காரணத்தைச் சொல்லிவிட்டுச் செய்தால் சங்கடம் வராது. அறுவைக்குப் பிறகும் கரு தங்குவது அபூர்வமாக நடக்கிறது, அது கருக்குழாயில் தங்கினால் உயிருக்கே ஆபத்து.

மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.7 என்று வந்தது. தாளில் சிவப்பு மையில் ‘சர்க்கரை நோய்’. ஆனால் வெறும் வயிற்றில் 101, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 138. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. இரும்புக் குறைவில் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிட அதிக நாள் ரத்தத்தில் சுற்றுவதால் அவற்றில் சர்க்கரை கூடுதலாக ஒட்டி, எச்.பி.ஏ.1.சி. பொய்யாக ஏறிக் காட்டும். அந்த ஒரு எண்ணை நம்பி மாத்திரை தொடங்கவில்லை. ஆறு மாதம் கழித்து, ரத்தம் ஏறியபின் அதே சோதனையில் 5.8. கடும் சோகை உள்ள நடுவயதுப் பெண்ணுக்கு ஏ.1.சி. மட்டும் பார்த்துச் சர்க்கரை முத்திரை குத்துவது நம் பகுதியில் சாதாரணமாகிவிட்டது. வெறும் வயிற்று அளவையும் சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவையும் சேர்த்துக் கேளுங்கள்.

பெண்ணுறுப்பு வழி ஸ்கேனில் கர்ப்பப்பை 10 செ.மீ. நீளம், பின்சுவர் தடித்திருந்தது. நார்க்கட்டி 3.2 செ.மீ., தசைச் சுவருக்குள், உள்ளறையைத் தொடாமல். உள்படலம் 13 மி.மீ. நார்க்கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் குலை நடுங்க வேண்டியதில்லை; அது கர்ப்பப்பைத் தசையில் வளரும், புற்றுநோயல்லாத கட்டி. அளவைவிட இடம்தான் முக்கியம். உள்ளறைக்குள் துருத்தும் ஒன்றரை சென்டிமீட்டர் கட்டி குடம் குடமாகப் போக வைக்கும். வெளிச்சுவரில் தொங்கும் ஐந்து சென்டிமீட்டர் கட்டி சத்தமே போடாமல் கிடக்கும். இவருடைய கட்டி இருக்கும் இடத்தைப் பார்த்தால் பன்னிரண்டு நாள் போக்குக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது.

அப்படியானால் வேறு எது? அதற்குத்தான் திசு. நாற்பத்தைந்துக்கு மேற்பட்ட பெண்ணுக்கு மாதவிலக்கு முறை தவறி அதிகம் போனால் உள்படலத்திலிருந்து திசு எடுத்தே ஆக வேண்டும். உடல் பருமன், சர்க்கரை, கருமுட்டைப் பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு அதற்கு முன்பே. மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை உள்ளே விட்டு உறிஞ்சி எடுப்பார்கள். மயக்க மருந்து வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் பிரசவ வலியின் சாயலில் இழுத்துப் பிடிக்கும். முன்கூட்டியே ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டால் தாங்கலாம். ஹார்மோன் மாத்திரை தொடங்கும் முன் திசு எடுக்க வேண்டும். மாத்திரை உள்படலத்தின் தோற்றத்தையே மாற்றிவிடும். இவர் மருந்துக்கடை மாத்திரையை நிறுத்தி ஐந்து வாரம் ஆகியிருந்தது. எடுத்த திசு பத்து சதவீத ஃபார்மலினில் போக வேண்டும். ஸ்லைன் தண்ணீரில் போட்டு மதுரை வரை பஸ்ஸில் கொண்டுபோனால் திசு அழுகிப் பயனற்றுப் போகும், மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டிவரும். அதே மேசையில் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க்கான மாற்றம் உண்டா என்று அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் சோதனையும் முடிந்தது, மாற்றம் இல்லை. மார்பகமும் கையால் பார்க்கப்பட்டது.

முடிவு: உள்படல மிகைவளர்ச்சி, அணுக்களில் கெட்ட மாற்றம் இல்லை.

இதன் பின்னணி எளிது. ஈஸ்ட்ரோஜன் மண்சுவரை எழுப்புகிறது. முட்டை வெளியானபின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் அதைப் பூசி மெழுகி, குறித்த நாளில் மொத்தமாக இறக்கிவிடுகிறது. நாற்பதுகளின் நடுவில் பல மாதங்கள் முட்டை வெளியாவதே இல்லை. பூச ஆளில்லாமல் சுவர் மட்டும் எழும்பிக்கொண்டே போகும். பிறகு இன்றைக்கு ஒரு மூலை, நாளைக்கு ஒரு மூலை என்று சரியும். பன்னிரண்டு நாள் போக்கு அந்தச் சரிவுதான். இந்த வகை மிகைவளர்ச்சி புற்றுநோயாவது இருபது ஆண்டுகளில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. சிகிச்சை தந்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அணுக்களில் கெட்ட மாற்றம் இருந்திருந்தால் கதை வேறு. அப்போது கர்ப்பப்பையை எடுப்பதே சரி. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஸ்கேனால் முடியாது.

சிகிச்சை

திசு எடுத்த அன்றே டிரானெக்சாமிக் அமிலம், 500 மி.கி. இரண்டு மாத்திரை, நாளுக்கு மூன்று வேளை, நான்கு நாள். ரத்தக்கட்டியைச் சீக்கிரம் கரைய விடாமல் பிடிக்கும் மருந்து. போக்கைப் பாதியளவு குறைக்கும். போக்கு உள்ள நாளில் மட்டும் போட வேண்டும். காலில் ரத்தம் உறைந்த வரலாறோ பக்கவாத வரலாறோ இருந்தால் கூடாது. மூன்றாம் நாள் போக்கு அடங்கியது.

“ரத்தம் ஏத்தணுமா டாக்டரம்மா?” என்று மகன் கேட்டார். ஒரு பாட்டில் ரத்தம் ஹீமோகுளோபினை ஒரு கிராம் ஏற்றும். அதிலிருக்கும் இரும்பு 200-இலிருந்து 250 மில்லிகிராம். நெஞ்சுவலி இல்லை, போக்கு கட்டுக்குள், உட்கார்ந்து பேச முடிகிறது. இரும்பை நரம்பு வழி கொடுத்தால் உடம்பே ரத்தம் ஊற வைக்கும். எவ்வளவு இரும்பு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: எடை × (இலக்கு – இப்போதைய ஹீமோகுளோபின்) × 2.4, அதோடு சேமிப்புக்கு 500. இலக்கு 13 என்று வைத்தால் 58 × 5.9 × 2.4 = 821; ஐந்நூறு சேர்த்து 1,321 மில்லிகிராம்.

இதை இரும்பு சுக்ரோஸாகக் கொடுத்தால் தடவைக்கு 200 மி.கி. வீதம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஏழு தடவை. ஏழு நாள் பூப் பறிக்கும் கூலி போகும். வரத்து உச்சமான மாதத்தில் நாலாம் தடவைக்கு வரமாட்டார் என்பது தெரிந்த விஷயம். ஆகவே ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ்: முதல் வாரம் 1,000 மி.கி., அடுத்த வாரம் 500. ஸ்லைனில் கலந்து பதினைந்து நிமிடத்தில் இறங்கிவிடும். பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். கவனிக்க வேண்டிய ஒன்று: ஊசி நரம்பை விட்டு விலகி மருந்து தோலுக்கடியில் கசிந்தால் பழுப்புக் கறை படியும், மாதக்கணக்கில் போகாது. எரிச்சல் என்றால் உடனே சொல்லச் சொல்லி, வெறும் ஸ்லைன் கொஞ்சம் விட்டுப் பார்த்த பிறகே மருந்தைத் திறக்க வேண்டும்.

திசு முடிவு வந்தபின், பதினாறாம் நாள், லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோன் கருவி கர்ப்பப்பைக்குள் வைக்கப்பட்டது. மிரெனா என்ற பெயரில் பலருக்கும் தெரியும், 52 மி.கி. ஹார்மோன் அடங்கியது. மண்சுவருக்குப் பூசும் ஆளை உள்ளேயே குடிவைப்பது போல. உள்படலத்தை மெலிதாக்குகிறது, ஹார்மோன் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றுவது மிகக் குறைவு. இந்த வகை மிகைவளர்ச்சிக்கு இதுவே முதல் தேர்வு. கருவி கிடைக்காதவர்களுக்கு, வாங்க முடியாதவர்களுக்கு வாய்வழி புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரைகள் உண்டு, ஆறு மாதமாவது விடாமல். மிகைவளர்ச்சி இல்லாத வெறும் அதிகப்போக்குக்கு லக்னோ ஆய்வகத்தில் உருவான ஓர்மெலாக்சிஃபீன் 60 மி.கி. வாரம் இரண்டு முறை பன்னிரண்டு வாரம், பிறகு வாரம் ஒரு முறை பன்னிரண்டு வாரம் கொடுப்பது வழக்கம். ‘சாயா’ என்று அரசு தரும் கருத்தடை மாத்திரையும் இதே மருந்து, 30 மி.கி. அளவில்.

ஏழாவது வாரம் அவர் கருவியை எடுத்துவிடச் சொல்லி வந்தார். கொட்டுவது நின்றிருந்தது, ஆனால் தினம் சொட்டுச் சொட்டாகக் கறை. முப்பது நாளும் தீட்டு என்றால் கோயிலுக்குப் போவது எப்போது, விளக்கேற்றுவது எப்போது? அந்தக் கேள்விக்கு மதிப்பு உண்டு. கருவி வைக்கும் அன்றே ‘மூன்றிலிருந்து ஆறு மாதம் சொட்டும், பிறகு அடங்கும்’ என்று அவசரத்தில் பாதிதான் சொல்லியிருந்தார்கள். கருவியை ஆறு மாதத்துக்குள் பிடுங்கச் சொல்பவர்களில் பெரும்பாலோர் இந்தச் சொட்டுக்காகத்தான் வருகிறார்கள். மாமியாரையும் உட்கார வைத்துப் பேசியபின் இன்னும் இரண்டு மாதம் பொறுக்க ஒப்புக்கொண்டார். நான்காம் மாதம் மூன்று நாள் லேசான போக்கோடு அடங்கியது.

ஹீமோகுளோபின் நான்காம் வாரம் 9.9, எட்டாம் வாரம் 11.4, ஆறாம் மாதம் 12.6. நரம்பு வழி இரும்பு கொடுத்த முதல் நான்கு வாரம் ஃபெரிட்டின் பார்ப்பது வீண், பொய்யாக ஏறியிருக்கும். ஆறாம் மாதம், கருவி உள்ளே இருக்கும்போதே திசு எடுக்கப்பட்டது: மிகைவளர்ச்சி இல்லை. பன்னிரண்டாம் மாதம் மறுபடி: இல்லை.

கர்ப்பப்பையை எடுப்பது பற்றி

எடுக்கவே கூடாது என்பது பொருளல்ல. புற்றுநோய், அணுக்களில் கெட்ட மாற்றம், மருந்துக்கும் கருவிக்கும் அடங்காத போக்கு, அக்கம்பக்க உறுப்பை அழுத்தும் பெரிய கட்டி – இவற்றுக்கு அதுவே சரியான வழி. ஹீமோகுளோபின் ஏழில் இருக்கும்போது, திசு பார்க்காமல், 3.2 செ.மீ. கட்டிக்காக எடுப்பதுதான் தவறு. ஆறிலிருந்து எட்டு வாரம் குனியவோ குடம் தூக்கவோ முடியாது. அத்தனை நாளும் கூலி இல்லை. கருமுட்டைப் பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் மாதவிலக்கு நிற்கும் காலம் ஒரே ராத்திரியில் வந்து இறங்கும்: எரிச்சல், தூக்கமின்மை, எலும்புத் தேய்வு. ‘கர்ப்பப்பை’ என்று பேசிவிட்டு எதையெல்லாம் எடுத்தார்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்துத்தான் பலருக்குத் தெரிகிறது. தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்க மத்திய அரசு 2022-இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. அவற்றை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. எடுக்கச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: திசு முடிவு என்ன, மருந்தோ கருவியோ முயன்றாயிற்றா, கருமுட்டைப் பையை என்ன செய்யப்போகிறீர்கள்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தால், நிற்கும்போது கண் இருட்டினால், காத்திருக்காமல் 108. உறவுக்குப் பின் ரத்தம் பட்டால் அந்த வாரமே காட்ட வேண்டும்.

ராத்திரி வேர்வை இவருக்கு முழுதாகப் போகவில்லை. படபடப்பு போனது, அது சோகையால் வந்தது. எரிச்சலும் வேர்வையும் நின்றது பாதிதான். அது வயதால் வருவது. தாங்க முடியாமல் போனால் ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை யோசிக்கலாம். கருவி உள்ளே இருப்பதால் அதற்குத் துணையாக வேண்டிய ஹார்மோன் ஏற்கெனவே இருக்கிறது. இப்போதைக்குப் பருத்திச் சேலை, ராத்திரி டீயை நிறுத்துவது, சன்னல் பக்கம் பாய் என்று சமாளிக்கிறார்.

ஒன்று மட்டும் அவருக்கும் மாமியாருக்கும் இரண்டு முறை சொல்லப்பட்டது. கருவி இருக்கும்வரை மாதவிலக்கு வராமலே போகலாம். அதை வைத்து ‘நின்றுவிட்டது’ என்று முடிவு செய்ய முடியாது. மாதக்கணக்கில் ஒன்றும் இல்லாமல் இருந்து திடீரென்று ஒரு நாள் கறை பட்டால், அது எவ்வளவு சிறிதானாலும், பழைய சீட்டுகளை எடுத்துக்கொண்டு வர வேண்டும்; ஸ்கேனும் திசுவும் புதிதாகப் பார்க்கப்படும். கருவி வைத்த தேதியும் மாற்ற வேண்டிய ஆண்டும் மாமியாரின் பிரஷர் அட்டையின் பின்புறத்தில் எழுதிக் கொடுக்கப்பட்டுள்ளன. அந்த வீட்டில் தொலையாமல் இருக்கும் ஒரே காகிதம் அதுதான்.